இடம்பெயர்ந்த நகரம்: மங்கசேயா – துருகான்ஸ்க் ஆற்றங்கரை நிருவாக வரலாறு (1600–1953)

ஆய்வுச்சுருக்கம்

வடமேற்குச் சைபீரியாவின் தாஸ் ஆற்றங்கரையில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மங்கசேயா என்னும் மரக்கோட்டை நகரம் உருவாயிற்று. 1672இல் அதன் நிருவாகம் யெனிசெய் ஆற்றுப் பகுதிக்கு மாற்றப்பட்டு, புதிய மங்கசேயா எனவும் பின்னர்த் துருகான்ஸ்க் எனவும் வழங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் துருகான்ஸ்க் என்ற பெயரும் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்து, ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த மடாலயக் கிராமத்தைச் சேர்ந்தது. தொடர்ந்து நிலைத்தது குடியிருப்பன்று, திறை தண்டும் அலுவலகமே என்பதும், அவ்வலுவலகம் சென்ற இடமெல்லாம் நகரத்தின் பெயரும் ஆவணமும் சென்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும். இத்தகைய ஊரின் வரலாற்றை எழுதுவோர், திறைப்பதிவேடு காட்டுவனவற்றையும் மறைப்பனவற்றையும் பிரித்தறிய வேண்டியதன் தேவையும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மங்கசேயா, துருகான்ஸ்க், யெனிசெய், யசாக், திறைப்பதிவேடு, சைபீரிய நிருவாகம்.

1. முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நகரம் எங்குள்ளது, எப்போது தோன்றியது என்ற இரு வினாக்களையே முதலில் எழுப்புவர். பெரும்பாலான நகரங்களுக்கு இவ்வினாக்கள் எளிதில் விடை தருவன. இன்றைய உருசியாவின் கிராஸ்நயார்ஸ்க் பெருநிலப்பகுதியில் யெனிசெய் ஆற்றின் கரையிலுள்ள துருகான்ஸ்க் என்ற ஊருக்கு இவ்விரண்டும் எளிய வினாக்களல்ல. அவ்வூரின் தோற்ற ஆண்டாக 1607 குறிக்கப்படுகிறது. ஆனால் அவ்வாண்டில் துருகான்ஸ்க் எனப்பட்ட குளிர்கால முகாம் இன்றைய ஊர் அமைந்துள்ள இடத்தில் இல்லை. யெனிசெய்யின் மறுபுறத்தில் துருகான் ஆற்றங்கரையில் இருந்தது. அம்முகாம் நகரமானதும் அதற்கு முந்தைய வேறொரு நகரத்தின் நிருவாகம் அங்கு வந்துசேர்ந்த பின்னரேயாகும். அம்முந்தைய நகரமே தாஸ் ஆற்றங்கரை மங்கசேயா.

ஆக, ஒரே நிருவாகத் தொடர்ச்சிக்கு மூன்று நிலவியல் இடங்கள் உள்ளன. இம்மூன்றையும் தனித்தனி ஊர்களாகக் கருதி மூன்று வரலாறுகள் எழுதலாம். ஒரே நகரத்தின் மூன்று நிலைகளாகக் கருதி ஒரு வரலாறும் எழுதலாம். இக்கட்டுரை இரண்டாம் வழியைப் பின்பற்றுகிறது. அவ்வாறு செய்யும்போது, ‘நகரம்’ என்ற சொல் இப்பகுதியில் எதனைக் குறித்தது என்ற வினா தானாகவே முன்னெழுகிறது.

2. தாஸ் ஆற்றங்கரையில் ஓர் அலுவலகம்

1587இல் தொபோல்ஸ்க் நிறுவப்பட்ட பின்னர் மேற்குச் சைபீரியாவில் மாஸ்கோ அரசின் ஆட்சி ஆறுகளின் வழியே வடக்கும் கிழக்கும் விரிந்தது. சாலைகளற்ற நிலத்தில் ஆறே வழியாகவும் எல்லையாகவும் அமைந்தது. இவ்விரிவின் முதன்மை நோக்கம் சேபிள் எனப்படும் சிறுவிலங்கின் மென்மயிர்த்தோலாகும். மாஸ்கோவின் வெளிநாட்டு வணிகத்திலும் கருவூலத்திலும் இத்தோல் பெருமதிப்புப் பெற்றிருந்தது.

அரசு தாஸ் ஆற்றுப் பகுதியை அடைவதற்கு முன்பே, வெண்கடற் கரையோரத்து உருசிய வேட்டையரும் வணிகரும் அங்குச் சென்று தோல் வாங்கி வந்தனர். ‘மங்கசேயா’ என்ற பெயரே அப்பகுதியில் வாழ்ந்த எனெட்ஸ் மக்களின் ஒரு குழுப்பெயரிலிருந்து வந்ததாகப் பொதுவாக விளக்கப்படுகிறது. ஆகவே நகரத்திற்கு முன்னரே பெயரும் வணிகமும் இருந்தன. நகரத்தோடு வந்தது அரசின் அலுவலகமே.

1600இல் பரிஸ் கதுனோவின் ஆட்சிக்காலத்தில் இளவரசர் மிரோன் ஷகோவ்ஸ்கோய், தனிலா கிரிப்புனோவ் ஆகிய இருவரின் தலைமையில் தொபோல்ஸ்கிலிருந்து ஒரு படைக்குழு அனுப்பப்பட்டது. ஓப் ஆற்றின் வளைகுடாப் பகுதியில் கப்பல்கள் உடைந்தன. நிலத்தில் சென்றோர் சமோயெத் குழுக்களின் தாக்குதலுக்கு உள்ளாயினர். எஞ்சியோர் தாஸ் ஆற்றங்கரையை அடைந்து சிறு மரக்கோட்டை எழுப்பினர். 1601இல் வசீலி மசால்ஸ்கி, சவ்லூக் பூஷ்கின் ஆகியோர் கூடுதல் படையுடன் வந்தனர். 1607 அளவில் தவீத் ஷெரெப்த்சோவ், குர்த்யூக் தவீதோவ் ஆகிய ஆளுநர்களின் காலத்தில் ஐந்து கோபுரங்களைக் கொண்ட கோட்டை முழுமை பெற்றது. கோட்டைக்கு வெளியே வணிகர் குடியிருப்பும் பண்டகசாலையும் தேவாலயங்களும் அமைந்தன.

கோட்டைக்குள் இருந்த அமைப்பே நகரத்தின் இயல்பைக் காட்டவல்லது. ‘வொயெவோதா’ எனப்பட்ட ஆளுநரின் இல்லம், எழுத்தரும் கணக்கரும் பணிசெய்த அலுவல்மனை, திறையாகப் பெற்ற தோல்களைச் சேமித்த கருவூலம், திறை செலுத்தும் குழுக்களிடமிருந்து பிடித்துவைக்கப்பட்ட பிணையாளர் தங்கிய இடம் ஆகியன அங்கு இருந்தன. ஆளுநர் ஒருவராக அன்றிப் பெரும்பாலும் இருவராகவே அனுப்பப்பட்டனர். பணிக்காலமும் சில ஆண்டுகளே. தொலைவிலுள்ள அலுவலர் தன்னாட்சி பெறுவதைத் தடுக்க, ஒருவரை மற்றவர் கண்காணிக்கும் முறையை மாஸ்கோ கையாண்டது. சுங்கத் தலைவரோ வணிக சமூகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய கணக்குகள் ஆளுநரின் கணக்குகளிலிருந்து வேறுபட்டவை.

இங்கு இருவகை வருவாயைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, பழங்குடி மக்களிடமிருந்து பெற்ற ‘யசாக்’. இது விளைச்சலின் மீதோ நிலத்தின் மீதோ விதிக்கப்பட்ட வரியன்று. பணிந்தமைக்கு அடையாளமாகச் செலுத்தும் திறை என்ற பொருளே இதற்குப் பொருந்தும். மற்றொன்று, உருசிய வேட்டையரும் வணிகரும் தம் தோல்களில் பத்திலொரு பங்காகச் செலுத்திய சுங்கம். முன்னது ஆளுநரின் பொறுப்பு; பின்னது சுங்கத் தலைவரின் பொறுப்பு. மங்கசேயா இவ்விரு பதிவேடுகளும் எழுதப்பட்ட இடமாக விளங்கியது. அந்நிலத்தில் தானியம் விளையவில்லை. ஆண்டுதோறும் தொபோல்ஸ்கிலிருந்து ஓப் வளைகுடா வழியாகத் தானியம் ஏற்றிய கப்பல்கள் வந்தாலன்றி நகரம் உண்ண இயலாது. உணவை வெளியிலிருந்து பெற்று, தோலை வெளியே அனுப்பிய இவ்வூரில் நிலையாக ‘விளைந்தது’ கணக்கேடு ஒன்றே எனலாம்.

3. கடல்வழித் தடை: நிருவாகத்தின் தர்க்கம்

மங்கசேயாவுக்கு இரு வழிகள் இருந்தன. முதலாவது, தொபோல்ஸ்கிலிருந்து ஓப் ஆற்றின் வழியே வரும் அரசுவழி. இரண்டாவது, வெண்கடற் கரையிலிருந்து பெச்சோரா கடலையும் யூகோர் நீரிணையையும் கடந்து, யமால் தீபகற்பத்தின் சிற்றாறுகளுக்கிடையே படகுகளைத் தரையில் இழுத்துச் சென்று, ஓப் வளைகுடா வழியாகத் தாஸ் ஆற்றை அடையும் கடல்வழி. ‘கோச்’ எனப்பட்ட மரக்கலங்கள் இவ்வழிகளில் செலுத்தப்பட்டன.

கடல்வழி வணிகருக்கு உகந்தது; ஆனால் அரசுக்கு உகந்ததன்று. 1616இல் தொபோல்ஸ்க் ஆளுநராயிருந்த இவான் குராக்கின், ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இவ்வழியே சைபீரியாவை அடையக்கூடும் என்ற அச்சத்தை மாஸ்கோவுக்கு எழுதினார். அதனைத் தொடர்ந்து பிறந்த தடை 1619இல் உறுதி பெற்றது. மீறுவோருக்குக் கடுந்தண்டனை அறிவிக்கப்பட்டது. யமால் இடைவழியில் காவல் ஏற்படுத்தவும் ஆணையிடப்பட்டது.

இத்தடைக்கு அயலவர் பற்றிய அச்சமே முழுக்காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கடல்வழியே வந்து சென்ற தோல் தொபோல்ஸ்கின் சுங்கச் சாவடியைக் கடக்கவில்லை. அரசு காணாத பண்டம் அரசின் கணக்கில் இல்லாத பண்டமாகும். எனவே தடையின் உள்நோக்கத்தில் வணிகத்தைக் கணக்குக்குள் கொண்டுவருதலும் அடங்கியிருந்தது எனலாம். விளைவோ இருமுனைப்பட்டது. கணக்குச் செம்மையுற்றது, ஆனால் நகரத்திற்கு உயிரூட்டிய வழிகளுள் ஒன்று அடைபட்டது. இனி அதன் உணவும் வணிகமும் ஆபத்து மிகுந்த ஓப் வளைகுடாவை மட்டுமே நம்பியிருக்க நேர்ந்தது.

4. இரு ஆளுநர், ஒரு நகரம் (1629–1631)

இருவர் ஆட்சிமுறையின் குறைபாட்டை வெளிப்படுத்திய நிகழ்வு 1630–31இல் நடந்தது. 1629இல் கிரிகோரி கக்கோரெவ், அந்திரேய் பலீத்சின் ஆகிய இருவரும் மங்கசேயா ஆளுநர்களாக அமர்த்தப்பட்டனர். முதன்மை யாருக்கு என்பதில் தொடங்கிய பூசல், ஒருவர்மீது ஒருவர் மாஸ்கோவுக்கு முறையீடு அனுப்பும் நிலைக்கு வளர்ந்து, இறுதியில் போராக முற்றியது. கக்கோரெவ் கோட்டையினுள் இருந்தார்; பலீத்சின் வணிகர் குடியிருப்பினரின் ஆதரவுடன் வெளியே இருந்தார். கோட்டைப் பீரங்கிகள் அதே நகரத்தின் குடியிருப்பை நோக்கிச் சுட்டன.

இந்நிகழ்வை இரு உயர்குடியினரின் தனிப்பட்ட பகையாகச் சுருக்குதல் போதாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மங்கசேயாவின் குடிமக்கள் கூட்டமைப்பைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றறிஞர் செர்கேய் பக்ரூஷின், வணிகரும் வேட்டையரும் தமக்கென ஓர் அமைப்பைப் பேணியதையும் நகர நிகழ்வுகளில் அது பங்காற்றியதையும் எடுத்துக்காட்டினார். இவ்வொளியில் நோக்கின், கோட்டையும் குடியிருப்பும் இருவேறு நகரங்கள் எனத்தக்கவை. கோட்டை மாஸ்கோவுக்குப் பொறுப்புடையது. குடியிருப்பு வணிகத்தின் நலனுக்குப் பொறுப்புடையது. வருவாய் பெருகிய காலத்தில் இவ்விரண்டும் இணைந்து இயங்கின. வழிகள் குறுகியபோது ஒன்றன் இருப்பு மற்றதற்குச் சுமையாயிற்று.

5. திறைப்பதிவேடும் அதன் மௌனமும்

பீரங்கிகள் முழங்கிய அதே ஆண்டுகளில் யெனிசெய் பகுதிப் பழங்குடிகளிடையே பெரியம்மை பரவியது. நகர ஆவணங்களில் ஆளுநர்களின் பூசல் பக்கம் பக்கமாக இடம்பெறுகிறது. நோயால் இறந்தோரோ பெரும்பாலும் திறை செலுத்தாதோர் என்ற வகையில் மட்டுமே தோன்றுகின்றனர். மங்கசேயா வரலாற்றின் அடிப்படைச் சான்றுச்சிக்கல் இதுவே.

மங்கசேயா நிருவாகத்தின் கீழ் தாஸ் ஆறு மட்டுமன்றி யெனிசெய்யின் கீழ்ப்பகுதியும் அதன் கிளையாறுகளும் அடங்கியிருந்தன. எனெட்ஸ், நெனெட்ஸ், செல்குப், கெட், எவென்கி ஆகிய மக்கள் இப்பரப்பில் வாழ்ந்தனர். நகரிலிருந்து கொசாக்குகள் துருகான்ஸ்க், இன்பாத்ஸ்க், கன்தாய்கா முதலிய குளிர்கால முகாம்களுக்குச் சென்று தங்கினர். பிணையாள் அம்முகாமில் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய உறவினர் திறையுடன் வரும்போது அவர் உயிருடன் இருப்பதைக் கண்டு செல்வர். வந்தோருக்கு அரசின் கொடை என்ற பெயரில் மாவும் உலோகப் பொருள்களும் பாசிமணிகளும் வழங்கப்பட்டன. திறையும் கொடையும் கலந்த இம்முறையை அரசு ஆட்சியெனக் கருதியது. திறை செலுத்தியோருள் பலர் அதனை ஒரு வகைப் பண்டமாற்றாகக் கண்டிருக்கக்கூடும்.

யசாக் பதிவேட்டில் திறை செலுத்துவோரின் பெயரும் குழுவும் செலுத்திய தோலின் எண்ணிக்கையும் எழுதப்பட்டன. சோவியத் இனவரைவியலாளர் பரீஸ் தோல்கிஹ் 1960இல் வெளியிட்ட நூலில் இப்பதிவேடுகளைக் கொண்டே 17ஆம் நூற்றாண்டுச் சைபீரியப் பழங்குடிகளின் குழுக்களையும் பரவலையும் மீட்டுருவாக்கினார். பதிவேட்டிலுள்ள வயதுவந்த ஆண்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்த மக்கள்தொகையை அவர் மதிப்பிட்டார். அப்பணியின் பெருமை குறைத்து மதிப்பிடற்குரியதன்று. இப்பதிவேடுகள் இல்லையேல் அம்மக்களின் அக்கால இருப்பைப் பற்றிப் பேசுதற்கே சான்று மிக அருகிவிடும்.

எனினும் அச்சான்றின் வடிவம் அதனை எழுதிய அலுவலகத்தின் வடிவமாகும். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதில் இல்லை. திறைக்கு அஞ்சி வேறு ஆற்றுப்பகுதிக்குச் சென்றவர் அதில் ‘தப்பியோர்’. தம் நிலையில் அவர் வேட்டை தேடிச் சென்றவர். பெயர்கள் உருசிய எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்டன. பதிவேட்டில் ஒரு குழு மறைந்தால் அக்குழு அழிந்ததா, இடம்பெயர்ந்ததா, வேறு முகாமின் கணக்கில் சேர்ந்ததா என்பதைப் பல பதிவேடுகளை ஒப்பிட்டே துணிய வேண்டும். எனவே இப்பதிவேடுகளை மக்கள்தொகைக் கணக்காகக் கொள்வதற்கு முன்னர் அவற்றை நிருவாக ஆவணமாகப் படித்தல் முறையாகும்.

6. 1672: அலுவலகம் இடம்பெயர்தல்

மங்கசேயாவின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. 1642இல் ஏற்பட்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. 1640களின் தொடக்கத்தில் ஓப் வளைகுடாவில் தானியக் கப்பல்கள் உடைந்து பஞ்சம் நேர்ந்தது. சுற்றுப்புறத்தில் சேபிள் அருகியது. 1660களில் நெனெட்ஸ் குழுக்களின் எதிர்ப்பு வலுத்தது. இவை யாவும் மெய்யே. எனினும் இவற்றுக்கு அடியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அது ஆற்றுவழிகளின் மாற்றமாகும்.

1619இல் யெனிசெய்ஸ்கும் 1628இல் கிராஸ்நயார்ஸ்க்கும் 1632இல் யாகூத்ஸ்க்கும் நிறுவப்பட்டன. தோல் வேட்டை யெனிசெய்யைக் கடந்து லேனா ஆற்றை நோக்கி நகர்ந்தது. தெற்கே யெனிசெய்ஸ்க் வழியே செல்லும் பாதை வடகடலோரப் பாதையைவிடப் பாதுகாப்பானது. தாஸ் ஆற்றுக்கும் துருகான் ஆற்றுக்கும் இடையே சிற்றாறுகளும் ஏரிகளும் படகிழுக்கும் தரைவழியும் சேர்ந்த ஓர் இடைவழி இருந்தது. தொடக்கத்தில் இவ்வழி மங்கசேயாவை யெனிசெய்யுடன் இணைத்தது. பின்னர் அதுவே மங்கசேயாவை வெறுமையாக்கிய வழியாயிற்று. துருகான்ஸ்க் முகாமில் கோடையில் கூடிய சந்தை, வேட்டையரும் வணிகரும் சந்திக்கும் முதன்மை இடமாக வளர்ந்தது. தோல் கைமாறும் இடத்தில் சுங்கம் தண்டப்பட வேண்டும் என்பதால் அலுவலரும் அங்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இறுதியில் 1672இல் சார் அலெக்சேய் மிகாய்லோவிச்சின் ஆட்சியில் நகரம் கைவிடப்பட்டது. ஆளுநர் தனிலா நவூமோவ் காலத்தில் படையும் அலுவலகமும் துருகான்ஸ்குக்கு மாறின. புதிய இடத்தில் எழுந்த கோட்டை ‘புதிய மங்கசேயா’ எனப் பெயர் பெற்றது. முகாமின் பெயர் நகரத்திற்கு இடப்படவில்லை; நகரத்தின் பெயரே முகாமுக்கு வந்துசேர்ந்தது. ஆட்சியாவணத்தில் மங்கசேயா அழியவில்லை. அது யெனிசெய் பகுதியில் தொடர்ந்து இயங்கியது.

சமயமும் இவ்வழியையே பின்பற்றியது. 1660இல் தீகன் என்ற துறவி யெனிசெய்யின் வலக்கரையில், கீழ்த் துங்கூஸ்கா கலக்கும் இடத்தில் திருத்துவ மடாலயத்தை நிறுவினார். மங்கசேயாவில் கொலையுண்டு பின்னர்ப் புனிதராகப் போற்றப்பட்ட வசீலி என்ற இளைஞரின் உடலெச்சங்களை அவர் 1670இல் அம்மடாலயத்திற்குக் கொண்டுவந்தார். நகரம் அலுவல்முறையில் இடம்பெயர்வதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே அதன் புனிதர் இடம்பெயர்ந்துவிட்டார். இம்மடாலயத்தைச் சூழ்ந்த கிராமமே பிற்காலத்தில் மூன்றாம் இடமாக அமையவிருந்தது.

7. நகர்நிலை இழந்த நகரம்

18ஆம் நூற்றாண்டில் சைபீரியப் பெரும்பயணத்தை மேற்கொண்ட ஜெரார்டு பிரீட்ரிக் மில்லர் (1733–1743) பல நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் படியெடுத்த தொகுதிகள் இன்றும் அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. மரக் கட்டடங்களில் வைக்கப்பட்ட மூல ஆவணங்கள் பல தீக்கிரையான நிலையில் இப்படிகளின் மதிப்பு உயர்ந்தது. அலுவலகம் இடம்பெயரும்போது ஏடுகளும் இடம்பெயர்ந்தன. எல்லா ஏடுகளும் பயணத்தைக் கடந்து நிலைக்கவில்லை.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘மங்கசேயா’ என்ற பெயர் ஆட்சி வழக்கிலிருந்து நீங்கி ‘துருகான்ஸ்க்’ நிலைபெற்றது. 1822இல் மிகாயில் ஸ்பெரான்ஸ்கியின் சைபீரியச் சீர்திருத்தத்தின்கீழ்க் கிராஸ்நயார்ஸ்கைத் தலைமையிடமாகக் கொண்டு யெனிசெய் மாகாணம் உருவாக்கப்பட்டது. அப்போது துருகான்ஸ்க் மாவட்டத் தலைநகர் என்ற தகுதியை இழந்து, நிருவாக அமைப்பில் இடமற்ற நகராகக் கீழிறக்கப்பட்டது. பரந்த அந்நிலப்பகுதி ஒரு தனி அலுவலரின் பொறுப்பில் விடப்பட்டது.

அதே 1822இல் வெளிவந்த பழங்குடி நிருவாகச் சட்டம் மக்களை நிலைகுடிகள், நாடோடிகள், அலைகுடிகள் என மூவகையாகப் பிரித்தது. வடக்கின் வேட்டைக் குழுக்கள் பல மூன்றாம் வகையில் அடங்கின. அவர்களிடம் யசாக் மட்டும் பெறப்பட்டது. மற்றச் சுமைகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. நகரம் தகுதியிழந்த அதே ஆண்டில் திறையின் சட்டநிலை உறுதிப்பட்டது என்பது கருதத்தக்கது. அரசுக்குத் துருகான்ஸ்க் என்னும் ஊர் இன்றியமையாததாக இல்லை. அதன் வழியே வந்த திறை இன்றியமையாததாக இருந்தது.

8. மூன்றாம் இடம்: தண்டனையின் நிலம்

தோலின் மதிப்புக் குறைந்தபோது தொலைவின் மதிப்பு உயர்ந்தது. சாலையற்ற, தப்பிச்செல்ல அரிய இந்நிலம் அரசியல் குற்றம் சாட்டப்பட்டோரைக் குடியமர்த்தும் இடமாயிற்று. 1908ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் நாடுகடத்தப்பட்டோர் சிலர் ஆயுதமேந்திக் கிளர்ந்து பழைய துருகான்ஸ்கைத் தாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிருவாகம் மடாலயக் கிராமமான மனஸ்திர்ஸ்கோயேவுக்கு மாறியது. காலப்போக்கில் துருகான்ஸ்க் என்ற பெயரும் அங்கு நிலைத்தது. முந்தைய இடம் ‘பழைய துருகான்ஸ்க்’ எனச் சுட்டப்படலாயிற்று. 1672இல் நடந்தது இங்கு மீண்டும் நடந்தது.

யாக்கவ் ஸ்வெர்த்லோவ், இயோசிப் ஸ்டாலின் ஆகியோர் 1913இல் இப்பகுதிக்கு நாடுகடத்தப்பட்டனர். ஸ்டாலின் 1914 முதல் குரேய்கா என்ற சிற்றூரில் வைக்கப்பட்டார். சோவியத் ஆட்சியிலும் இந்நிலத்தின் பயன்பாடு மாறவில்லை. அறுவை மருத்துவரும் ஆயருமான லுக்கா வோய்னோ-யசெனேத்ஸ்கி 1920களிலும், கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவாவின் மகள் அரியாத்னா எப்ரோன் 1949 முதல் 1955 வரையிலும் துருகான்ஸ்கில் நாடுகடத்தப்பட்டோராக வாழ்ந்தனர். யசாக் காலத்தில் ஆளைப் பிணையாக்கித் தோலைப் பெற்ற நிலம், இப்போது ஆளையே வைத்திருக்கும் நிலமாயிற்று. இரு காலங்களிலும் அலுவலகத்தின் முதற்பணி இருப்போரை எண்ணிப் பதிவுசெய்வதேயாகும்.

1940களின் இறுதியில் சலெகார்டையும் இகர்காவையும் இணைக்கும் இருப்புப்பாதைப் பணி சிறைத்தொழிலாளரைக் கொண்டு நடத்தப்பட்டது. அப்பாதை தாஸ் ஆற்றையும் துருகான் ஆற்றின் யானவ் ஸ்தானையும் கடந்து யெனிசெய்யை அடையுமாறு திட்டமிடப்பட்டது. 17ஆம் நூற்றாண்டு வணிகர் படகிழுத்த இடைவெளியையே அப்பாதையும் கடக்க முயன்றது. 1953இல் ஸ்டாலின் இறந்ததும் பணி நிறுத்தப்பட்டது. தாஸ் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட இயந்திரங்கள் துருப்பிடித்து நின்றன. மங்கசேயாவுக்குப் பின் ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து அதே ஆற்றுப் பகுதியில் அரசு இரண்டாம் முறையாக ஒரு கட்டுமானத்தைக் கைவிட்டது.

9. மண்ணின் சான்று

ஏடுகள் கூறாதவற்றை மண் ஓரளவு கூறுகிறது. 1968 முதல் 1970 வரையிலும் 1973இலும் மிகாயில் பெலோவ் தலைமையிலான குழு மங்கசேயாவை அகழ்ந்தது. உறைநில மண்ணில் மரமும் தோலும் அழியாமல் கிடைத்தன. மரக்கட்டடங்களின் அடித்தளங்கள், காலணிகள், சதுரங்கக் காய்கள், வணிக முத்திரைகள், உலோகம் உருக்கியதற்கான தடயங்கள் ஆகியன வெளிப்பட்டன. கட்டடங்களின் அடித்தளத்தில் உடைத்தெடுத்த கோச் கலங்களின் பலகைகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. ஊரின் வீடுகள் அவ்வூருக்கு வந்த கலங்களின் மீதே நின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வகழாய்வு, மங்கசேயாவைத் திறை அலுவலகமாக மட்டும் கண்ட பார்வையைத் திருத்துகிறது. அங்குக் கைத்தொழிலாளர் இருந்தனர். விளையாட்டும் வழிபாடும் இருந்தன. எனவே அது வெறும் அலுவலகம் அன்று என்ற மறுப்பு எழுவது இயல்பே. அம்மறுப்பு ஏற்கத்தக்கது. ஆயினும் 1672இல் அலுவலகம் நீங்கிய பின்னர் அவ்வாழ்க்கை அங்குத் தொடரவில்லை என்பதையும் அதே மண் காட்டுகிறது. வாழ்வு மெய்யானது, அவ்வாழ்வைத் தாங்கிய தூண் நிருவாகமாக இருந்தது.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

மங்கசேயா – துருகான்ஸ்க் தொடர்ச்சியில் நகரம் என்பது நிலைத்த குடியிருப்பைக் காட்டிலும் இடம்பெயரவல்ல நிருவாகத்தையே குறித்தது. தாஸ் கரையிலிருந்து துருகான் கரைக்கும், அங்கிருந்து யெனிசெய்யின் வலக்கரைக்கும் பெயரை எடுத்துச் சென்றது அலுவலகமே. ஆகவே 1607 என்ற தோற்ற ஆண்டு இன்றைய ஊரின் நிலத்திற்கு உரியதன்று; நிருவாகப் பெயருக்கு உரியது.

கடல்வழித் தடை, இருவர் ஆட்சிமுறை, 1672ஆம் ஆண்டு இடமாற்றம், 1822ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆகிய நான்கிலும் ஒரே நோக்கம் செயற்பட்டது. கணக்குக்குள் அடங்குவதைப் பேணுதலும், அடங்காததை மூடுதலும் அந்நோக்கமாகும்.

அலுவலகம் மூன்று இடங்களுக்குச் சென்றபோதும் எனெட்ஸ், செல்குப், கெட் முதலிய மக்கள் தத்தம் ஆறுகளின் பகுதிகளில் வாழ்ந்தனர். இடம்பெயர்ந்தது நகரம், திறை அவர்களைத் தொடர்ந்து வந்தது. அவர்களைப் பற்றிய எழுத்துச்சான்று திறைப்பதிவேட்டின் வழியே மட்டும் வருவதால், ‘தப்பியோர்’, ‘அலைகுடிகள்’ முதலிய சொற்களை ஆய்வாளர் தம் சொற்களாக ஏற்றுக்கொள்ளுதல் தவறாகும். அவை நிருவாகத்தின் சொற்கள். பல ஆண்டுகளின் பதிவேடுகளை ஒப்பிடுதலும் அகழாய்வுச் சான்றை இணைத்துப் படித்தலும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

இன்றைய துருகான்ஸ்க் சட்டப்படி நகரமன்று, கிராமமாகும். மக்கள்தொகை ஐயாயிரத்திற்கும் குறைவு. ஆயினும் 2 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாவட்டத்தின் தலைமையிடம் அதுவே. 1929இல் துறைமுகமாகத் தோன்றி நகரத் தகுதி பெற்ற இகர்காவும் இன்று அக்கிராமத்தின் மாவட்டத்துள் அடங்கியுள்ளது. நகரத் தகுதியை இழந்த பின்னும் அலுவலகம் துருகான்ஸ்கில் நிலைத்துள்ளது.